டீசல் குடித்த ஃபேன்

"சாவியைத் தரேலாது ஐயா. அவரைக் கள்ளன் எண்டு சொன்னதுக்கு முதல்ல ஒரு நியாயம் சொல்லுங்கோ. பிறகு சாவியைப் பற்றிக் கதைப்பம்."

மாக்ரெட் பஸ்ஸின் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரட்டும் என்றுதான் அவளும் குரலை உயர்த்தியிருந்தாள்.

அது சாதாரண பஸ் அல்ல. உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் வைத்து, வெளிநாட்டுக்காரரை வாரக்கணக்கில் நாடு சுற்றிக் காட்டுகிற வீட்டு பஸ். சொந்தக்காரர் வெள்ளவத்தை நாகேந்திரம். பதினொரு வருடமாக அதை ஓட்டுகிறவன் மாக்ரெட்டின் கணவன் கிளறன்ஸ். முந்தாநாள் கண்டியிலிருந்து திரும்பியபோது, பயணிகள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, நாகேந்திரம் அவனை டீசல் கள்ளன் என்று சொல்லிவிட்டார். இன்று காலை சாவியை வாங்கிக்கொண்டு அவனை வேலையால் நிற்பாட்ட வந்திருந்தார்.

"இதிலை என்ன நியாயம் கிடக்கு?" என்றார் நாகேந்திரம். "லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடின வண்டி, தைப்பொங்கலுக்குப் பிறகு நாலரைதான் ஓடுது. டாங்கிலை ஒழுக்கு இல்லை, நானே குனிஞ்சு பாத்தனான். அப்ப டீசல் எங்கை போனது? பொலிசுக்குப் போகாமல் விடுறனே, அதுக்குச் சந்தோசப்படுங்கோ."

கிளறன்ஸ் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "விடு மாக்ரெட். சாவியைக் குடு. வேற வேலை பாப்பம்."

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். காலை மிதித்தவனிடம் கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அதற்காகக் கள்ளன் என்ற பெயரையுமா வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வது?

"வேலை வேற தேடலாம். பேரை எங்க போய்த் தேடுறது?" என்று அவனைப் பார்த்துச் சொன்னவள், நாகேந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்கட பஸ்ஸை விடியக்காலமையில ஸ்டார்ட் பண்ணினா பிளேன் எழும்புற மாதிரி இரையுது. இந்த ஒழுங்கைச் சனம் முழுக்க அந்தச் சத்தத்திலதான் கண் முழிக்குது. நத்தார்ப் பண்டிகை வரைக்கும் இந்த இரைச்சல் இல்லை. வண்டியில ஏதோ பிழை எண்டு எனக்கே விளங்குது. நீங்க ஒரு நாளாவது எஞ்சினைத் திறந்து பாத்தனீங்களா?"

மாக்ரெட் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கிற ஸஹாப்தீனைத் தானே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். கனரக எஞ்சின்களோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டிய மனிதர். அவர் சொன்னால் நாகேந்திரமும் மறுத்துப் பேசமாட்டார்.

ஸஹாப்தீன் எஞ்சின் மூடியைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. பலம் கொடுத்துத் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

"எஞ்சின் ஆறிப் பெய்த்து இரிக்கிது. இப்ப இது கைக்கு லேசா சுத்தணும். சூடேறினா மட்டும்தான் இறுகிப் புடிச்சு வேகமாச் சுத்தும். இந்த ஃபேனை எஞ்சினோட சேக்கிற கிளச் அப்படியே இறுகிப் பெய்த்து. சூடோ குளிரோ, எந்நேரமும் முழு வேகத்தில சுத்துது. அந்தச் சத்தம்தான் இந்தப் புள்ள சொல்றது."

"அதாலை டீசல் கூடப் போகுமோ?" என்று கேட்டார் நாகேந்திரம்.

"போகாம? இவ்வளவு பெரிய ஃபேனையும் எஞ்சின்தானே இழுக்குது."

"ஏழிலையிருந்து நாலரைக்கு இறங்கிற அளவுக்கோ?"

ஸஹாப்தீன் கிளறன்ஸைப் பார்த்தார். பிறகு மாக்ரெட்டைப் பார்த்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இறங்கும்," என்றார்.

"கேட்டீங்களா ஐயா?" என்றாள் மாக்ரெட். "வெள்ளைக்காரருக்கு முன்னால வைச்சுச் சொன்னீங்க. இப்ப இந்த ஒழுங்கைக்கு முன்னால வைச்சு இல்லை எண்டு சொல்லுங்கோ."

நாகேந்திரம் கௌரவம் பார்க்கிற மனிதர். ஆனால் நியாயம் தெரியாதவர் அல்ல. கிளறன்ஸுக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நான் அவசரப்பட்டிட்டன் கிளறன்ஸ். மன்னிச்சுக்கொள்ளும். ஃபேனைத் திருத்தின உடனை நீர்தான் வண்டியை எடுக்கவேணும்."

கிளறன்ஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

மாக்ரெட்டுக்குக் கோபம் அதோடு அடங்கிவிடவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்த அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது, வழி நெடுகப் பொருமினாள்.

"பதினொரு வருஷம். ஒரு நாள் லீவு கேட்டிருப்பீங்களா? அந்த மனுஷனுக்கு எப்படி அந்தச் சொல் வாயில வந்தது? நீங்களும் ஒரு ஆள்தான். நான் எடுக்கேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் நான்தான் வரவேண்டியிருந்தது."

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். கிளறன்ஸ் வீதியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்கோ."

"ஃபேனால ஏழு ஆறாகத்தான் இறங்கும் மாக்ரெட்," என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி. "ஆறை நாலரையாக்கினது நான்."