வீட்டுக்காரர் கையெழுத்து

“யாரும்மா இது?” என்றார் பி.எஃப். கிளார்க், கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து. கையெழுத்துக்குக் கீழே ‘வீட்டு உரிமையாளர்’ என்று இருந்தது.

“நீங்கதானே சார் கேட்டீங்க, வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னு.”

ஆபீஸே சிரித்தது. சம்பளப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தவர்கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

பதினேழு வருடமாக அவள் இந்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களே, வீட்டுக்காரரைக் கேட்டா பிடித்தார்கள்? நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்டது அவள் காலிலா, அவர் காலிலா?

அவள் பணம். அதில் கொஞ்சத்தை முன்கூட்டியே எடுக்க வேண்டும், வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வீடு வேறு யாருக்காவது போய்விடும்.

இதற்குப் போய் நாயாய் அலைய விட்டுவிட்டார்கள். முதலில் போட்டோ மங்கலாக இருக்கிறது என்றார்கள். சரி, புதிதாக எடுத்துவந்தாள். அப்புறம் நீல மையில் எழுதக் கூடாதாம். போன வாரம் வந்தபோது, நாமினி உங்கள் வீட்டுக்காரர், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று சொல்லிவிட்டார் இந்த மனிதர்.

விண்ணப்பத்தை முன்னும் பின்னும் படித்துப் பார்த்துவிட்டாள். அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. அவராகவே சேர்த்துக்கொண்ட சட்டம்.

கிளார்க் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வீட்டு ஓனர் இல்லம்மா. உன் வீட்டுக்காரர். உன்னைக் கட்டிக்கிட்டவர்!”

“தெரிஞ்சுதான் சார் கொண்டுவந்தேன். இனிமே எனக்கு இவர் ஒருத்தர்தான் வீட்டுக்காரர்.”

சம்பளப் பட்டியல் அடித்தவர் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

கிளார்க் அப்போதுதான் கடிதத்தை ஒழுங்காகப் படித்தார். மாடியில் ஒற்றை அறை. குடியிருக்கப்போவது இரண்டு பேர், தாயும் மகளும்.

கையெழுத்துக்கு அடியில் உரிமையாளர் பேனாவால் தனியாக எழுதியிருந்தார்:

‘அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி, கதவுக்கு உள்பக்கம் இன்னும் இரண்டு தாழ்ப்பாள் வைத்துத் தருகிறேன்.’