மண்டபத்துச் சீரியல் லைட்டு

எதிர்க்கட்டட ஆய்வகத்திலிருந்து மூச்சிரைக்கக் கல்யாண மண்டபத்துக்கு ஓடிவந்தாள் மலர்க்கொடி. மேலாளர் பஞ்சநதம் சிரித்தார்.

"உங்க ஆய்வகத்துல ஜோடி ஜோடியாப் பிணைச்சு வைக்கிற ஒளித்துகள்களோட பிணைப்பை எங்க சீரியல் லைட்டு கெடுக்குதுன்னு வருஷமெல்லாம் சண்டை போட்டீங்களே! இன்னிக்கு உங்க பட்டத்துக்குப் பரிசோதனையாமே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முறைச்சும் எல்லாத்தையும் அணைச்சுட்டேன். நிம்மதியாப் போங்கம்மா."

மலர்க்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, போடுங்கண்ணே!"

"என்னம்மா இது?"

"உங்களோட சண்டை போட்டு ஓஞ்சுதான், அத்தனை வெளிச்சத்துலயும் கெட்டுப்போன பிணைப்பைக் கண்டுபிடிச்சு மீட்க ஒரு வழி பண்ணினேன். அதைப் பார்க்கத்தான் தேர்வாளர் வந்து உட்கார்ந்திருக்கார். கெட்டாத்தானேண்ணே மீட்டுக் காட்ட முடியும்!"

பஞ்சநதம் வாசலைப் பார்த்துக் கத்தினார். "லைட்டைப் போடுங்கப்பா! வாழைமரத்துலயும் ரெண்டு சரம் சுத்துங்க. நம்ம பொண்ணு பாஸாகணும்!"