நீலச் சாயம்

சீனிச்சாமி சாப்பிடும்போதெல்லாம் குழம்பைச் சிந்திக்கொள்வார். எத்தனை முறை துவைத்தும் வேட்டியில் மஞ்சள் கறை போகவில்லை. வீட்டோடு கட்டிக்கொள்ளட்டும் என்று அன்னகாமு அதற்குச் சாயமேற்றத் தொடங்கினாள். கறைபடாத இடங்களில் துணியைக் கிள்ளி, உள்ளே புளியங்கொட்டை வைத்து, நூலால் இறுக்கி முடிந்தாள். தாவணி போட்ட காலத்தில் செய்தது. நாற்பது வருடம் கழித்தும் விரல்களுக்கு நினைவிருந்தது. உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய சாயத்தில் வேட்டியை முக்கி எடுத்தபோது கை மணிக்கட்டு வரை நீலமானது.

இரண்டு வருடமாக நினைவு தப்பி, அவளை யாரென்றே தெரியாமல் இருந்த கணவர் சீனிச்சாமி அடுக்களை வாசலில் வந்து நின்றார். அவள் கைகளையே பார்த்தார்.

"யக்கா, யார்ட்டயும் சொல்லாதீங்க. முந்தாநாள் பொண்ணு பாக்கப் போனோம். அதுக்கும் இப்படித்தான், கையெல்லாம் நீலம். ஏதோ சீக்குன்னு எங்கம்மா வேணாங்குறாங்க."

தன்னை அவர் பெண் பார்க்க வந்த கதையில் இந்தப் பகுதியை அன்னகாமு கேள்விப்பட்டதே இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கட்டுனா அவளத்தான் கட்டுவேன்னுட்டேன். ரெண்டு நாளா வீட்டுல சாப்பிடல."

"அந்தப் பொண்ணுக்கு உங்களப் பிடிச்சிருக்கா?"

அவர் முகம் வாடியது. "தெரியலையே யக்கா. அது தலையே நிமிரல. நீங்க போயிக் கேட்டுச் சொல்றீங்களா?"

சாயம் சொட்டச் சொட்ட அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். சுவரைப் பார்த்துச் சற்று நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்.

"கேட்டுட்டு வந்துட்டேன்," என்றாள்.