இருபத்து மூன்றாவது காசு

பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். வாங்கினவர்கள் ஏமாற்றினால் அதுதான் சாட்சி. மல்லேஸ்வரி போனை மஞ்சள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பீமவரத்திலிருந்து திரும்பி வந்த கவரிங் காசுமாலை.

பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தாள். மச்சிலிப்பட்டினத்தில் ஆன்லைனில் கவரிங் விற்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கழுத்தில் போடவே இல்லை என்று சத்தியம் பண்ணித் திருப்பி அனுப்புவார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு முழுக் கல்யாணமே எழுந்து வரும்.

இதிலும் வந்தது. மல்லிகை, சந்தனம், தெலுங்குக் கல்யாணத்தில் பெண், மாப்பிள்ளை தலையில் வைக்கிற சீரகமும் வெல்லமும். இரண்டு காசுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது.

மல்லேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அழைப்பில்லாத கல்யாணங்களுக்கு அவள் இப்படித்தான் போய்வருவாள். மழை தூறும் பந்தல், சன்னாயி என்கிற நாயனச் சத்தம், குனிந்த தலையில் அரிசி கொட்டக் கொட்டச் சிரிக்கிற பெண். யாரும் அவளை யார் நீ என்று கேட்பதில்லை.

கண்ணைத் திறந்து ரசீதைப் படித்தாள். ஸ்ரவந்தி என்கிற பெண் காரணம் எழுதியிருந்தாள்: 'நிறம் மங்கல். சுத்த டூப்பு. தங்கம் என்று சின்னக் குழந்தைகூட நம்பாது.'

அடிப்பாவி! கவரிங்கைக் கவரிங் என்று சொல்லித்தானே விற்றேன்?

முலாம் தொட்டி இருக்கும் பின்னறையிலிருந்து கணவன் கோட்டேஸ்வர ராவ் குரல் கொடுத்தான். "அந்தத் திரும்பின காசுக்காகத்தானே வந்திருக்கு? அதை நேரா வச்சா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

அவள் செய்கிற ஒவ்வொரு மாலையிலும் ஐம்பத்தோரு காசு, மற்றதிலெல்லாம் லட்சுமி முன்னால் பார்த்திருப்பாள். இருபத்து மூன்றாவது மட்டும் முதுகைக் காட்டும். பாதிப் பேர் அதைக் காட்டித்தான் பழுது என்று திருப்புகிறார்கள். கடையின் நட்சத்திரமே அதனால் இறங்கிப்போயிற்று. அவன் சொல்லாத நாளில்லை, அவள் மாற்றினதும் இல்லை.

"இல்லைங்க. இவங்க அதைப் பத்திச் சொல்லவே இல்லை."

சொல்லிக்கொண்டே மாலையைத் தூக்கினாள். கை கீழே போயிற்று.

அப்படி ஒரு கனம்.

செம்புக்கு இந்தக் கனம் கிடையாது. முப்பது வருஷக் கைக்கு உரைகல் வேண்டியதில்லை, அது தங்கம்.

நடந்தது அவளுக்குக் கண்முன்னே தெரிந்தது. முகூர்த்தத்துக்கு மட்டும் அசல், அப்புறம் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, வரவேற்புக் கூட்டத்தில் போட்டுக்கொள்ள அதே மாதிரி ஒரு கவரிங். கல்யாணம் முடிந்து கட்டிலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பளபளத்ததைத் தங்கம் என்று பூட்டிவிட்டு, மங்கலாக இருந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டாள் புண்ணியவதி. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று எல்லோரும்தான் சொல்கிறோம், சமயத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது?

கணவனின் போனை எடுத்து, ரசீதில் இருந்த எண்ணில் ஸ்ரவந்தியைக் கூப்பிட்டாள். "அம்மா ஸ்ரவந்தி, நீ அனுப்பின மாலை..." என்பதற்குள் அந்தப் பக்கம் பொரிந்தது.

"நான் இதைப் பத்தி இனிமே பேச மாட்டேன் மேடம். எடுத்துக்கிட்டா எடுத்துக்கங்க, இல்லேன்னா குப்பையில போடுங்க!"

மறுபடி கூப்பிட்டால் மணியே போகவில்லை.

மல்லேஸ்வரி அதே போனில் விற்பனை ஆப்பைத் திறந்தாள். 'ஏற்றுக்கொண்டேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் மாலை இங்கேயே தங்கிவிடும். யாரும் கேட்க மாட்டார்கள். டூப்பு என்று அவளே எழுத்தில் கொடுத்திருக்கிறாள்.

விரல்கள் தன்பாட்டுக்குக் காசுகளை எண்ணிக்கொண்டு போயின. இருபத்து மூன்றில் நின்றன.

முதுகு.

அவளுடைய கல்யாணத்தன்று காலை, அவள் மாலையில் அறுந்துபோன காசு. ஆசாரி அவசரத்தில் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டார். அம்மா பார்த்துச் சிரித்தாள். "இருக்கட்டும்டி, உனக்குத் திருஷ்டி படாது."

முலாம் தொட்டி வாங்குவதற்காக அந்த மாலையை விற்றபோது, முந்தின நாள் உட்கார்ந்து ஒவ்வொரு காசையும் அச்செடுத்துக்கொண்டாள், திரும்பினதையும் சேர்த்து. அதை இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். உருக்கவில்லை. எங்கெங்கோ சுற்றி ஒரு பீமவரத்துப் பீரோவில் இருந்திருக்கிறது. அதே மாதிரி வேண்டும் என்று அந்தப் பெண் தேடியபோது உலகத்திலேயே ஒரு கடையில்தான் அந்தத் திரும்பின காசு இருந்தது.

மல்லேஸ்வரி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

குளிர்ந்தது. பிறகு அவள் சூடே அதற்கு ஏறியது. மழை, சன்னாயி, தலையில் கொட்டுகிற அரிசி. இந்தத் தடவை பந்தலில் அவள் தள்ளி நிற்கவில்லை. பக்கத்திலேயே அம்மா நின்றாள். ஐயோ, கழற்றவே மனசில்லை.

என்றைக்காவது பீமவரத்தில் யாராவது அந்தக் கவரிங்கை உரைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அசலை விற்றுவிட்டு டூப்பை வைத்தாள் என்று அந்தப் புதுப்பெண் ஸ்ரவந்திதான் திருடி ஆவாள்.

"என்ன, டூப்பா வந்திருக்கு?" என்றான் கோட்டேஸ்வர ராவ், பின்னறையில் இருந்தபடியே. அந்தக் காசை ஏன் மாற்ற மாட்டேன் என்கிறாள் என்று அவனிடம் அவள் சொன்னதே இல்லை. சொன்னால் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வலிக்கும்.

"வேற யாரோடதோ மாத்தி வந்திருக்குங்க" என்று சொல்லிக் கழற்றினாள். மஞ்சள் அரிசியை எடுக்காமல் அப்படியே பெட்டியில் வைத்தாள்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டக் கூடாது என்பது விதி. வெட்டாமலே அனுப்பினாள்.

ஏன் ஏற்கவில்லை என்று ஆப் காரணம் கேட்டது. பழசாக்கி அனுப்பியிருக்கிறார்கள். உடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மட்டமானதை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். உசத்தியானதை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று ஒன்று இல்லை. எந்த மடையன் அப்படிச் செய்வான் என்று விட்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று இருந்தது. அழுத்தினால் பார்சல் வாங்கினவருக்கே திரும்பிப் போய்விடும்.

மல்லேஸ்வரி அதை அழுத்தினாள்.

'இது எங்கள் பொருள் அல்ல.'