கீழ்த்தளத்துப் பிரெஞ்சு

பரீட்சகர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

படத்தில் ஒரு சமையலறை. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. மேசைக்குக் கீழே பூனை. நான் சொன்னதில் என்ன பிழை என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன். பால் வழிகிற இடத்தில் ஒரு ‘ஐயோ’ போட்டேன். பூனையை உதட்டைக் குவித்துக் காட்டினேன்.

அவர் என் வாயையே பார்த்தார்.

இந்தப் பிரெஞ்சுப் பரீட்சையில் தேறினால் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால், அவர்கள் தொலைபேசி எடுத்துக் கூப்பிடுகிற நாளில் மட்டும் வேலை. பதினொரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

“அக்னெஸ், ஒரு வகுப்புக்குப் போவன்” என்று என் கணவர் றெக்ஸ் சொல்லிக் களைத்துவிட்டார்.

“எனக்கு மரிசோல் இருக்கிறா. அவவின்ர பிரெஞ்சு தண்ணி மாதிரி ஓடும்” என்று வாயை அடைத்துவிட்டேன்.

மரிசோல் கொலம்பியாக்காரி. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாக நாங்கள் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறோம். ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம். இரண்டு கையும் துணியில் இருப்பதால் எதையும் உதட்டால்தான் காட்ட வேண்டும். அதை நான் அவளிடம் பழகினேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிச் சம்மதம் சொல்ல அவள் என்னிடம் பழகினாள். இயந்திர இரைச்சலுக்குள் பிள்ளைகள், மாமியார், முழங்கால் வலி எல்லாம் கதைப்போம். ஒரு சொல்லுக்குக்கூட நாங்கள் தடுமாறியதில்லை.

அவளுக்கு நேற்றுத்தான் பரீட்சை. இன்று காலை எப்படி என்று கேட்டேன். அவள் விரிப்பின் மூலையை நீவிக்கொண்டிருந்தாள். தேறிவிட்டாள், கண்ணூறு படும் என்று மறைக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்.

பிரெஞ்சு யாரிடம் படித்தீர்கள் என்று பரீட்சகர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

மரிசோலிடம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். நேற்று வந்த ஒரு பெண்ணும் பாலுக்கு ‘ஐயோ’ என்றாளாம். பூனையை உதட்டால் காட்டினாளாம். அவளிடமும் இதே கேள்வியைக் கேட்டாராம்.

“அக்னெஸிடம் என்றாள்” என்றார், என் பெயர் எழுதிய தாளைப் பார்த்தபடி.

மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடி வரலாம் என்றார்.

வேலை கைநழுவிவிட்டது. றெக்ஸின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற வெட்கம் வேறு. ஆனாலும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு கேள்விதான் முன்னால் வந்து நின்றது. ஆறு வருடமாக நாங்கள் கதைத்தது என்ன பாஷை?

நேற்றுத் தனக்குப் பாதிதான் விளங்கியது, இன்று முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவர் தாள்களை அள்ளி எடுத்தார்.

கதவு எந்தப் பக்கம் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு இரண்டு கையும் நிறையத் தாள்கள்.

உதட்டைக் குவித்துக் காட்டினார்.