ஆறு மாதத் துக்கம்

"முகத்தைக் கழுவிட்டு வா, ஹேரியட். உன் ஆம்ப்ரோஸ் வாசல்ல நிக்கிறார்" என்றாள் வீட்டுக்கார அம்மா மிஸஸ் காஸ்லிங்.

கல்யாணத்துக்கு மூன்றே வாரம். யார்க்கில் பெரியப்பா காலமாகிவிட்டார், ஆறு மாதம் துக்கம் காக்க வேண்டும் என்று ஹேரியட் அவனுக்குக் கறுப்பு விளிம்பிட்ட துக்கத் தாளில் எழுதிப் போட்டிருந்தாள். போன வருடமும் அத்தைக்கான துக்கத்தால்தான் கல்யாணம் தள்ளிப்போனது. இந்தத் தடவை மோதிரத்தைக் கழற்றிக் கொடு என்று கேட்டுவிட்டால்? அவனை இழக்க அவளுக்கு மனமில்லை.

அவள் வேலை பார்த்த தந்தி ஆபீஸில் வேறு அவளை வழியனுப்ப ஏற்பாடாகியிருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது.

"புருஷன் போனதிலேருந்து மகாராணியே இருபது வருஷமா கறுப்புதான் உடுத்தறாங்க. ஆறு மாசத்துக்கு அவர் என்ன சொல்லிடப் போறார்?" என்ற மிஸஸ் காஸ்லிங், ஆம்ப்ரோஸை உட்காரவைத்து, பின்னல் ஊசிகளோடு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நிச்சயமான ஜோடியைத் தனியே விடக் கூடாதே.

"கோபமா?" என்றாள் ஹேரியட், தலை நிமிராமல்.

"சாவுக்குப் போய் யார் மேல கோபப்படறது? அடக்கத்துக்குப் பொம்பளைங்க போற வழக்கமில்ல. அதான் உன் சார்பா நானே யார்க் போயிட்டு வந்தேன்."

ஹேரியட் நிமிர்ந்தாள். "போனீங்களா?"

"புதன்கிழமை. கொட்டற மழையிலயும் நல்ல கூட்டம். பெட்டியில முகத்தைப் பாத்தேன். படத்துல இருக்கற உங்கப்பா ஜாடை அப்படியே."

"இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?" மிஸஸ் காஸ்லிங் மூக்கை உறிஞ்சினாள்.

"பெரியம்மாதான் பாவம்." ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினான். "ஆறு மாசம் போதாது, ஒரு வருஷமாவது போகட்டும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் வாக்குக் குடுத்துட்டேன். உனக்குச் சம்மதம்தானே?"

ஹேரியட் அவனையே பார்த்தாள். அவன் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்மதம்" என்றாள்.

டீகூடக் குடிக்காமல் அவன் கிளம்பிப் போனான்.

"அழுதுடும்மா. பெரியப்பான்னா சும்மாவா?" மிஸஸ் காஸ்லிங் அவளை அணைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கேட்டவளுக்கு ஒரு வருடமே கிடைத்துவிட்டது. வேலையும் போகாது. ஆனாலும் ஹேரியட்டுக்கு இப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது. அவளுடைய அப்பா, அவர் வீட்டில் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாருமே கிடையாது.