மாப்பிள்ளையின் விரல்

"விரலை வெக்காம நிச்சயதார்த்தம் கெடையாது. ஆமாம், சொல்லிப்புட்டேன்!"

ஓசூர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினார் ஆஞ்சப்பன். அவர் ஆயுசில் ஆஸ்பத்திரிப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. பின்னால் வந்த வருங்கால மாப்பிள்ளை சென்னகிருஷ்ணன் தலையாட்டினான்.

மாப்பிள்ளைக்குக் கிரானைட் பட்டறையில் வேலை. கல்தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஆஞ்சப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் இருபது வருஷமாகக் கல் அறுக்கிறவர்தான். கூட்டாளிகள் இரண்டு பேரை வாரிக் கொடுத்தாகிவிட்டது. மகள் சம்பங்கிக்கு அவர்களுடைய பெண்டாட்டிகளுக்கு வந்த கதி வரக் கூடாது. "பெங்களூர்லருந்து ஏதோ வெளிச்ச மெஷின் வந்திருக்குதாம்ப்பா, அதுல பாத்துட்டுக் குடு" என்று யோசனை சொன்னதே சம்பங்கிதான். பெண்ணின் விவரத்தை நினைத்து ஆஞ்சப்பன் பூரித்துப்போயிருந்தார்.

டாக்டர் அறையில் மேஜைமேல் ஒரு பெட்டி. அதிலிருந்து வந்த ஒயரின் நுனியில், துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று. உள்ளே சிவப்பு வெளிச்சம்.

"இதை மாட்டினா வெளிச்சம் விரலுக்குள்ள புகுந்து வரும். ரத்தத்தோட நிறத்தை வச்சே நுரையீரல்லருந்து அதுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருதுன்னு நம்பர் காட்டிடும். தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்" என்றார் டாக்டர்.

"கேட்டீங்களா தம்பி? வைங்க."

சென்னகிருஷ்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பயமா இருக்குது மாமா. மொதல்ல நீங்க வைங்க. பாத்துட்டு நான் வெக்கறேன்."

"கல்லு தூக்கற ஆம்பளை பேசற பேச்சா இது?" ஆஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது. "ஓசூர் குளிருங்க" என்று டாக்டருக்கு விளக்கம் சொல்லிவிட்டு விரலை நீட்டினார்.

பெட்டி கீங் கீங் என்று கத்தியது. எண்பத்து நாலு.

டாக்டர் வேறு விரலில் மாட்டினார். எண்பத்து மூன்று.

"சிஸ்டர், ஒரு பெட் போடுங்க. ஆக்சிஜனும் எடுத்துட்டு வாங்க."

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான் பெரியவரே."

ஆஞ்சப்பன் விடவில்லை. "என்னை விடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம். இந்தத் தம்பியப் பாருங்க. எம் பொண்ணு வாழணும்!"

"இவரைப் பாக்க வேண்டாம். போன வாரமே பாத்தாச்சு. தொண்ணூத்தெட்டு."

"போன வாரமா? யாரு கூட்டியாந்தது?"

"உங்க பொண்ணுதான். 'தனக்குன்னா எங்கப்பா இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டாரு, எனக்குன்னா ஓடியாருவாரு'ன்னு சொல்லி, இன்னிக்குத் தேதிக்கு உங்க பேர்ல டோக்கன் போட்டுட்டுப் போச்சு."